சனிக்கிழமை ஃப்ளாஸ்க்

விஜயலக்ஷ்மியின் இடக்கை ஆள்காட்டி விரலுக்குக் கண் உண்டு என்று அட்டக்குளங்கரைப் பக்கம் இருந்த அந்த ரத்தப் பரிசோதனைக்கூடத்துக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். நீட்டிய கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, முழங்கை மடிப்பில் விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே போவாள். தோலுக்கு அடியில் நரம்பு எங்கே துள்ளுகிறதோ அங்கே விரல் நின்றுவிடும். அடுத்த நொடி வலக்கையில் இருந்த ஊசி உள்ளே போயிருக்கும். கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், பஞ்சை வைத்து அமுக்கச் சொன்ன பிறகுதான் எல்லாம் முடிந்ததென்று தெரிந்துகொள்வார்கள்.

பத்தொன்பது வருஷம் இந்த வேலை. கேரளத் தலைநகரின் கோட்டைக்ககத்தில், பத்மதீர்த்தக் கோவில் குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. கணவன் ஸ்ரீனிவாசன் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கிளார்க். பிள்ளை இல்லை. கல்யாணமான புதிதில் அதற்காக அழுதாள். பிறகு அழுவதை நிறுத்திவிட்டாள். லேபுக்கு வருகிற குழந்தைகளின் கையைப் பிடிக்கும்போதெல்லாம் அந்தச் சின்ன மணிக்கட்டை ஒரு நொடி கூடுதலாகப் பிடித்துக்கொள்வாள். அது அவளுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

அந்த விரலையும் நோய் விடவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலையில் எழுந்தபோது இரண்டு கை விரல்களும் மடங்க மறுத்தன. பிரஷ்ஷைப் பிடிக்க முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கொஞ்சம் இளகியது. மறுநாளும் அப்படியே. ஒரு மாதத்தில் விரல் கணுக்கள் பழுத்த நாவல்பழம் போல உருண்டு, தொட்டால் சூடாக இருந்தன. தன் ரத்தத்தைத் தானே எடுத்துக்கொண்டு, தானே மெஷினில் வைத்துப் பார்த்தாள். உடம்பில் எங்கோ நெருப்பு எரிகிறது என்று காட்டும் சி.ஆர்.பி. என்கிற அளவு, ஆறுக்குள் இருக்க வேண்டியது, முப்பத்தெட்டு காட்டியது.

"ருமட்டாய்டு" என்றாள் டாக்டர் ஆதிரா. பட்டம் என்கிற இடத்துக்குப் போகிற வழியில் ஒரு மருத்துவமனையில் மூட்டு நோய்களுக்கான டாக்டர். மலையோர வித்துராக்காரி, சின்ன வயசு. மதுரையில் படித்ததால் தமிழ் நன்றாகப் பேசுவாள். "நம்மைக் காப்பாத்த வேண்டிய வெள்ளணுக்களே நம்ம மூட்டைப் பகையாளின்னு நினைச்சுத் தாக்குது. முழுசாக் குணமாகாது. அடக்கி வைக்கலாம். அடக்காம விட்டா எலும்பை அரிச்சிடும்."

மெத்தோட்ரெக்ஸேட் என்று ஒரு மாத்திரை எழுதித் தந்தாள். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தவறிக்கூட தினமும் சாப்பிடக் கூடாது என்று சிவப்பு மையால் இரண்டு தரம் கோடு போட்டாள்.

"மறக்கவே மறக்காத ஒரு நாளாச் சொல்லுங்க, அதை எழுதிடறேன்."

விஜயலக்ஷ்மி யோசிக்கவே இல்லை. "சனிக்கிழமை."

சனிக்கிழமை அவளுக்கு விரத நாள். ஒரு பொழுதுதான் சாப்பாடு, அதுவும் விளக்கு வைத்த பிறகு. இருபத்திரண்டு வருஷமாக ஒரு சனிக்கிழமைகூட அது தவறியதில்லை.

"வேற மருந்து, கஷாயம் ஏதாவது? மது?"

ஸ்ரீனிவாசன் சிரித்தான். "டாக்டர், எங்காத்துல அரிஷ்ட மருந்து பாட்டிலைக்கூட வாசல்லயே நிறுத்திடுவோம்."

"ஒண்ணும் இல்லை டாக்டர்" என்றாள் விஜயலக்ஷ்மி. அவள் பொய் சொல்லவில்லை.

மாத்திரை ஆரம்பித்து ஆறு வாரத்தில் பலன் தெரியும் என்றார்கள். பன்னிரண்டு வாரமும் ஆகலாம் என்றார்கள். பன்னிரண்டும் போனது. அளவைக் கூட்டினார்கள். ஒரு மாதம் இறங்குவது போல இறங்கி மறுமாதம் மறுபடி ஏறியது. முப்பத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பத்தாறு, நாற்பத்தொன்று. மாதம் பிறந்தால் தன் ரத்தத்தைத் தானே எடுத்து, அந்த எண் மெஷினின் சின்னத் திரையில் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மற்றவர்களுக்கு ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுக்கிறவள், தன்னுடையதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

வீட்டில் ஸ்ரீனிவாசன் எல்லாவற்றையும் தன் தலையில் எடுத்துக்கொண்டான். அவளால் ஃபில்டரின் மேல் பாத்திரத்தைக் கழற்ற முடியாமல் போன அன்று முதல் காபி அவன் பொறுப்பு. ஐந்து மணிக்கே எழுந்து டிகாக்‌ஷன் இறக்குவான். சிக்கரி கலக்காத பொடி, பழவங்காடிப் பக்கம் கண்ணெதிரே அரைத்து வாங்கியது. நுரை பொங்க ஆற்றி, டம்ளரை அவள் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, தன் கையையும் சுற்றிப் பிடித்துக்கொள்வான். அந்தச் சூட்டில்தான் அவள் விரல் முதலில் இளகும்.

"இன்னும் அரை டம்ளர் தரட்டுமா?"

"தாங்கோ."

சனிக்கிழமைகளில் அவனுக்கு மனசு கேட்காது. நாள் முழுக்கப் பட்டினி கிடந்து, வீங்கிய கையோடு ஐம்பது பேருக்கு ஊசி குத்துகிறாளே என்று, ஒரு பெரிய ஃப்ளாஸ்க் நிறையக் காபி கலந்து, தானே பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பான். விரதத்தில் காபி சேர்த்தி இல்லை. அவர்கள் தெருவில் எந்த வீட்டிலும் அது ஆகாரக் கணக்கில் வராது; பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏகாதசி இருக்கும் மாமிகளும் காபியை விட்டதில்லை. விளக்கு வைப்பதற்குள் ஏழு டம்ளர், எட்டு டம்ளர் ஆகிவிடும். அதற்குப் பிறகு இரண்டு தோசை. தோசைக்குப் பிறகு மாத்திரை. வாயின் கசப்பு போக இன்னொரு வாய் காபி.

இது அன்பு. இதில் யாரைக் குற்றம் சொல்வது?

போன சித்திரையில் அவள் பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைக்கப் போனாள். விரல் நேரானால் நூற்றெட்டு உடைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். முன்கூட்டியே ஒன்றை உடைத்துச் சொல்லிவிட்டு வரலாம் என்று நினைத்தாள். சுற்றிலும் ஜனங்கள் ஓங்கி ஓங்கி எறிய, தேங்காய்கள் சிதறி நீர் தெறித்துக்கொண்டிருந்தது. அவளும் தலைக்கு மேல் தூக்கினாள். விரல்கள் தேங்காயைப் பிடித்த மாதிரியே இல்லை. எறிந்தாள். அது கல்லில் பட்டு, 'டொக்' என்று ஒரு சத்தம் போட்டு, உடையாமல் உருண்டு, யாரோ ஒருவருடைய காலடியில் போய் நின்றது.

அந்த மனிதர் அதை எடுத்து அவள் கையில் கொடுத்து, பரவாயில்லை அக்கா என்று மலையாளத்தில் தேற்றினார். "சாரமில்ல சேச்சி, ஒருக்கல்கூடி எறிஞ்சு நோக்கு."

இன்னொரு முறை எறிய அவளுக்குத் தைரியம் வரவில்லை. உடையாத தேங்காயைப் புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு, கிழக்கேகோட்டை பஸ் நெரிசலுக்கு நடுவே வீடுவரை நடந்தாள். தன் வேண்டுதலைப் பிள்ளையார் கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டதாக நினைத்தாள். மறுநாள் முதல் செவ்வாயும் வியாழனும்கூட ஒரு பொழுது என்று தீர்மானித்தாள். ஸ்ரீனிவாசன் தடுத்துப் பார்த்தான், முடியவில்லை. ஃப்ளாஸ்க் வாரத்தில் மூன்று நாள் பரிசோதனைக்கூடத்துக்கு வரத் தொடங்கியது.

அந்த மாதம் சி.ஆர்.பி. நாற்பத்தேழு.

ஜானவிக்கு ஆறு வயது. பக்கத்துக் கரமனையிலிருந்து வரும் குழந்தை. சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும் நோய். முகமும் காலும் வீங்கி வீங்கி வடியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். வீங்கிய கையில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது. விஜயலக்ஷ்மியின் விரலுக்கு மட்டும் தெரியும். குழந்தை வாசலிலேயே கவுண்டரில் இருக்கும் பிஜியிடம் சொல்லிவிடும்: "எனக்கு விஜி மாமிதான் குத்தணும்."

அன்று வைகாசி முதல் வாரம். ஜானவி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, வழக்கம்போலத் தானே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டாள். விஜயலக்ஷ்மி பட்டையைக் கட்டினாள். இடக்கை விரலை வைத்து அழுத்தினாள்.

ஒன்றுமே தெரியவில்லை. விரல் நுனிக்கும் தோலுக்கும் நடுவில் யாரோ கம்பளியை மடித்து வைத்தாற்போல இருந்தது. வீங்கிய கணு தன் வலியைத்தான் சொன்னதே தவிர, குழந்தையின் நரம்பைச் சொல்லவில்லை. ஒரு உத்தேசத்தில் குத்தினாள். ரத்தம் வரவில்லை. எடுத்து, இன்னொரு இடத்தில் குத்தினாள். வரவில்லை. மூன்றாவது முறை ஊசியைப் பிடித்த வலக்கைக் கட்டைவிரல் நடுங்கி, உள்ளே இருந்த ஊசி அசைந்துவிட்டது. குழந்தையின் கையில் நீலமாக ஒரு கட்டி எழும்பியது.

ஜானவி அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "பரவாயில்லை மாமி, நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டாள்.

ஒரு அறை விட்டிருந்தால்கூட விஜயலக்ஷ்மிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மானேஜர் ஜெயந்த் நல்லவன். அவளை விடப் பத்து வயது இளையவன். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினான்.

"விஜிச்சேச்சி, இது மூணாவது தடவை. ஜானவியோட அம்மா ஒண்ணும் சொல்லலை. வேற ரெண்டு பேர் பராதி எழுதியே தந்திருக்காங்க. சேச்சியை நான் வேலையை விட்டுப் பறைஞ்சு விடல. பிஜியோட கவுண்டர்ல இருக்கலாமே. பேர் எழுதணும், ரிப்போர்ட் குடுக்கணும், அத்ரதன்னெ, அவ்வளவுதான்."

"ஊசி வேண்டாம்ங்கறேளா?"

"கை முடியாத்தப்ப பின்ன எந்து செய்யும் சேச்சி?"

அவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். கவுண்டருக்குப் போனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு எப்படிச் சொல்வது? பிள்ளை இல்லாத வீட்டிலிருந்து தினமும் காலையில் புறப்பட்டு வருவது, பயந்த ஒரு கை தன் கைக்குள் வந்து பயம் தெளிகிறதே, அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர் எழுதினால், எந்தக் கையும் அவளிடம் வராது.

"ஓணம் வரைக்கும் டைம் குடுங்கோ" என்றாள். "பெரியவாளுக்கு மட்டும் எடுக்கறேன், நரம்பு நன்னாத் தெரியறவாளுக்கு. ஓணத்துக்குள்ள சரியாகல்லேன்னா நானே கவுண்டர்ல போய் உக்காந்துடறேன்."

ஜெயந்த் மேஜை மேலிருந்த காலண்டரைப் புரட்டிப் பார்த்தான். பிறகு, "ஓணம் வரைக்கும்" என்றான்.

அந்த வாரச் சனிக்கிழமைதான் டாக்டரிடம் முறை. ஆஸ்பத்திரியில் அன்று கூட்டம். காலை ஒன்பதுக்கு டோக்கன் எடுத்தவர்களை மதியம் இரண்டுக்குத்தான் கூப்பிட்டார்கள். டாக்டர் ஆதிரா எக்ஸ்‌ரேயை வெளிச்சப் பலகையில் மாட்டினாள். இடக்கை ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில், எலும்பின் ஓரம் எலி கொறித்த பிஸ்கட் போல இருந்தது.

"இந்த இடத்தை அரிச்சிடுச்சு. போனது திரும்ப வராது. இனிமே மத்த இடத்தைக் காப்பாத்தணும். இவ்வளவு டோஸ்ல இத்தனை நாள் ஆகியும் ஏன் அடங்கலைன்னுதான் எனக்குப் புரியல. மாத்திரையை விட்டுவிட்டு எடுக்கறீங்களா?"

"ஒரு சனிக்கிழமை விட்டதில்லை டாக்டர். மீன்காரி மார்க்கெட்டை மறந்தாலும் நான் மறக்கல்லை."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் கண் இருட்டியது. காலையிலிருந்து பட்டினி; அந்த எலும்பு வேறு. ஸ்ரீனிவாசன் பதறிப்போய்த் தோள்பையைத் திறந்து, ஃப்ளாஸ்க்கின் மூடியைத் திருகி, டம்ளரில் ஊற்றி அவள் வாயருகே கொண்டுபோனான். அந்த அறை முழுக்கக் காபி மணத்தது.

"சாரி டாக்டர். இன்னிக்கு இவளுக்கு விரதம். வேற ஒண்ணும் சாப்பிட மாட்டா."

"காபி மட்டும் குடிப்பாங்களா?"

"அது ஆகாரம் இல்லையே."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "இன்னிக்கு இது எத்தனாவது டம்ளர்?"

ஸ்ரீனிவாசன் விரல் விட்டு எண்ணினான். "அஞ்சு... வெளில உக்காந்திருக்கறச்சே ரெண்டு. இதோட எட்டு."

"மத்த சனிக்கிழமை?"

"இப்படித்தான். இப்போ செவ்வாய், வியாழனும்."

டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளை ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். பிறகு அவள் சொன்னது விஜயலக்ஷ்மி கொஞ்சமும் எதிர்பார்க்காதது.

"நான் மதுவைப் பத்திக் கேட்டேன். காபியைப் பத்திக் கேட்கல. என் தப்பும் இருக்கு." நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "எங்கப்பா கே.எஸ்.ஆர்.டி.சி. கண்டக்டர். வித்துரா – கிழக்கேகோட்டை வண்டி. அதனால எனக்குப் பஸ்ஸை வெச்சுத்தான் சொல்லத் தெரியும். கண்டக்டர் ஒரு பெல் அடிச்சா என்ன அர்த்தம்?"

"வண்டியை நிறுத்தணும்" என்றான் ஸ்ரீனிவாசன்.

"ரெண்டு பெல் அடிச்சாப் போகணும். உங்க வெள்ளணுக்கள்தான் பஸ். அது மூட்டுக்குள்ள வெறி பிடிச்சு ஓடிட்டிருக்கு. அதை நிறுத்தறதுக்கு உடம்பே ஒரு கண்டக்டரை வெச்சிருக்கு. அடினோசின்னு பேர். எங்கே திசு அடிபட்டாலும், வீங்கினாலும், அங்கே அது ஊறும். ஒவ்வொரு வெள்ளணுவோட மேல்புறத்துலயும் அதுக்குன்னு சீட் இருக்கு. ரிசெப்டர்னு சொல்வோம். நாலு வகை உண்டு. அதுல ஒரு வகைச் சீட்ல அடினோசின் உட்கார்ந்தா ஒத்தை பெல். அந்த அணு வெறியை அடக்கிக்கும். வீக்கத்தை மூட்டற ரசாயனத்தைத் துப்பறதைக் குறைச்சுக்கும்."

"மாத்திரை?"

"உங்க சனிக்கிழமை மாத்திரை இந்தக் கண்டக்டரைத்தான் கூட்டம் கூட்டமா வெளியே கொண்டுவருது. அது செய்யற வேலையில பெரிய பங்கு இதுதான்னு நினைக்கறோம்." ஃப்ளாஸ்க்கைப் பார்த்தாள். "காபியில இருக்கற கஃபீன், பார்க்க அச்சு அசல் அடினோசின் மாதிரி. நேராப் போய்க் கண்டக்டர் சீட்ல உட்கார்ந்துக்கும். உட்காருமே தவிர பெல் அடிக்காது. நிஜக் கண்டக்டர் ஏறி வந்து பார்த்தா சீட் காலி இல்லை. வண்டி நிக்காமப் போயிட்டே இருக்கும்."



"சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன்" என்றாள் டாக்டர். "சில ஆராய்ச்சியில காபி குடிக்கறவங்களுக்கு இந்த மாத்திரை சரியா வேலை செய்யலைன்னு வந்திருக்கு. சிலதுல அப்படி ஒண்ணும் வித்தியாசம் இல்லைன்னு வந்திருக்கு. தினம் ஒண்ணு ரெண்டு குடிக்கறவங்களை நான் தடுக்கறதே இல்லை. ஆனா மாத்திரை நாள்லயே எட்டு டம்ளர் குடிக்கறவங்களை இப்பத்தான் பார்க்கறேன். இந்தத் தடவை மருந்தை மாத்தப் போறதில்லை. ஒண்ணே ஒண்ணை மாத்துவோம். மூணு மாசம் காபி இல்லை. டீ இல்லை. சாப்பிட்டுட்டு மாத்திரை. அடங்கினா நல்லது. அடங்கலைன்னா அடுத்தது ஊசி மருந்து."

விஜயலக்ஷ்மி திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் டம்ளரைப் பிடித்த கை அப்படியே நின்றிருந்தது. முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நான்தானே கலந்து குடுத்தேன்" என்றான். யாரிடம் சொன்னான் என்றே தெரியவில்லை. "அஞ்சு மணிக்கு எழுந்து, ஆத்தி, கையில வெச்சுப் பிடிச்சுண்டு... நான்தானே குடுத்தேன், விஜி."

ஆஸ்பத்திரிக் கை கழுவும் தொட்டியில் அந்த எட்டாவது டம்ளரை ஊற்றும்போது, ஐம்பத்திரண்டு வயது மனிதன் விக்கி விக்கி அழுதான். டாக்டர் அவன் முதுகில் கை வைத்து, "எல்லா வீட்லயும் இப்படித்தான் சார்" என்றாள். எல்லா வீட்டிலும் இப்படி இல்லை என்பது மூவருக்கும் தெரியும்.

காபியை விட்ட முதல் மூன்று நாள் நரகம். தலையை இரும்புப் பட்டை போட்டு இறுக்கியது போல வலி. எரிந்து விழுந்தாள். துணி காயப்போட்ட கம்பியைப் பிடித்துக்கொண்டு காரணமே இல்லாமல் அழுதாள். ஸ்ரீனிவாசன் ஃபில்டரைப் பரணில் ஏற்றிவிட்டான். பொடி டப்பாவை அடுத்த தெரு மாமிக்குக் கொடுத்துவிட்டான். தானும் குடிப்பதில்லை என்று சபதம். நான்காம் நாள் மாலை அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவளுக்கு மூக்கில் ஏறிவிட்டது.

"எங்கே குடிச்சேள்?"

"என்னத்தை?"

"கிட்ட வாங்கோ. ஊதுங்கோ."

அவன் ஊதவில்லை. "பழவங்காடில. அரை டம்ளர்தான். ஆபீஸ்ல தலை வெடிச்சுடும் போல இருந்துது."

"கள்ளுக்கடைக்குப் போறவன் ஆத்துக்காரி இப்படித்தான் கேப்பா போலருக்கு" என்றாள். வெகுநாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று அவன் சட்டைக் காலரில் முகத்தைப் புதைத்து, அந்த வாசனையை நெஞ்சு நிறைய இழுத்தாள். அவன் அசையாமல் நின்றான்.

ஸ்ரீனிவாசன் கெஞ்சியதில், புதிதாக எடுத்த செவ்வாய், வியாழன் விரதங்களை விட்டிருந்தாள்; உண்மையான சோதனை சனிக்கிழமை வந்தது. பட்டினி கிடந்து பார்த்தாள். காபி இல்லாத பட்டினி என்பது என்னவென்று இருபத்திரண்டு வருஷத்தில் அன்றுதான் தெரிந்தது. பதினோரு மணிக்குப் பரிசோதனைக்கூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். பிஜி ஓடிவந்து தாங்கினாள்.

"சேச்சி வல்லதும் கழிக்கணும், சாப்பிடணும். இல்லாட்டி நான் ஆம்புலன்ஸ் விளிக்கும்."

பிஜி தன் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து இரண்டு இட்லியை எடுத்து முன்னால் வைத்தாள். விஜயலக்ஷ்மி அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இப்போது விரலுக்காகத்தான் விரதம். விரதத்தை விட்டால் விரல் போகும்; இந்த மூன்று வருஷமாக அதுதான் அவள் கணக்கு. டாக்டரோ காபி குடித்தால்தான் போகும் என்கிறாள்; காபி இல்லாமல் பட்டினியும் முடியவில்லை. எந்தக் கதவைச் சாத்தினாலும் உள்ளே தன் விரல்தான் நசுங்கும் போல இருந்தது. 'பிள்ளையாரப்பா, நீ அன்னிக்குத் தேங்காயைத் திருப்பிக் குடுத்தது இதுக்குத்தானா? போதும், பட்டினி கிடக்காதேன்னு சொன்னியா? எனக்குத்தான் புரியல்லியா?' என்று மனசுக்குள் கேட்டாள். கண்ணீர் இட்லியில் சொட்டச் சொட்ட, சனிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, இருபத்திரண்டு வருஷத்தில் முதன்முறையாகச் சாப்பிட்டாள். அன்று சாயங்காலம் தோசைக்குப் பிறகு மாத்திரையை வெந்நீரில் விழுங்கினாள்.

ஆனி மாத எண்: நாற்பத்துமூன்று. நான்குதான் இறங்கியிருந்தது. விரதத்தை உடைத்ததற்கு இவ்வளவுதானா என்று நெஞ்சு காய்ந்தது. ஆடியில் முப்பத்தொன்று. முன்னேயும் ஒருமுறை இப்படி இறங்கி ஏறியிருக்கிறது. நம்பாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் காலையில் விரல் மடங்க ஒன்றரை மணி நேரம் ஆனது முக்கால் மணியாகியிருந்தது. ஆவணி பிறந்தபோது எண் பதினாறு. மெஷின் முன்னால் நின்று, இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள்.

வீக்கம் வடிந்தது. வடிந்த பிறகுதான் ஆள்காட்டி விரலின் நிலை தெரிந்தது. நடுக்கணுவில் வளைந்து, நேராக்கினாலும் நேராகாமல், கேள்வி கேட்கிற மாதிரி நின்றுவிட்டது. டாக்டர் ஆதிரா அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது இப்படியேதான் இருக்கும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "காபியாலதான்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன். ஆனா அந்த ஃப்ளாஸ்க்கை மறுபடி நிரப்பாதீங்க" என்றாள்.

ஓணத்துக்கான அத்தப்பூக் கோலம் வாசல்கள்தோறும் வந்துவிட்டது. திருவோணத்துக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை, ஜானவி வந்தாள். இந்த மூன்று மாதமும் வேறு ஆள்தான் அவளுக்கு எடுத்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று குத்து. அன்று வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மாமிக்குக் கை சரியாயிடுத்தா?"

பிஜி ஜெயந்தைப் பார்த்தாள். ஜெயந்த் விஜயலக்ஷ்மியைப் பார்த்தான். அவன் ஒதுங்கிப்போய்ச் சுவரோரம் நின்றுகொண்டான். கெடுத் தேதி இருவருக்கும் தெரியும்.

அவள் குழந்தையின் கையில் பட்டையைக் கட்டினாள். பழக்கத்தில் ஆள்காட்டி விரல் தானாகப் போனது. அழுத்தினாள். வளைந்த விரலின் நுனி தோலில் படவே இல்லை, பக்கவாட்டில் சறுக்கியது. மறுபடி வைத்தாள். மறுபடி சறுக்கியது. பத்தொன்பது வருஷம் அவளுக்குக் கண்ணாக இருந்தது குருடாகிவிட்டது. முடிந்தது, கவுண்டர்தான் என்று நினைத்தாள். எழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

ஜானவி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமி, இந்த விரல் வலிச்சா அடுத்த விரலால பாருங்கோ. எனக்குப் பெரிய பென்சில் பிடிச்சா இந்த விரல் வலிக்கும், நான் மாத்திப்பேன்."

விஜயலக்ஷ்மி ஆள்காட்டி விரலை விலக்கிக்கொண்டாள். நடுவிரலை வைத்தாள். பழக்கமில்லாத விரல். மெதுவாக அழுத்தினாள். கொழுப்பு, மறுபடி கொழுப்பு. இன்னும் கொஞ்சம் உள்பக்கம். கண்ணை மூடிக்கொண்டாள்.

அங்கே, ஆழத்தில், ஈரக் கயிறு போல ஏதோ ஒன்று மிக லேசாகத் துள்ளியது. அதுதானா? நிச்சயமாகத் தெரியவில்லை. அந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டு, வலக்கையால் ஊசியைச் செலுத்தினாள்.

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒரு நொடியில் மூன்று வருஷமும் அவள் கண்முன் வந்து நின்றது. பிறகு மெல்லிய குழாயில் கருஞ்சிவப்பாக ரத்தம் ஏறியது.

"குத்திட்டேளா?" என்றாள் ஜானவி.

"குத்திட்டேன், கண்ணா."

ஜெயந்த் சுவரோரத்திலிருந்து நகர்ந்தான். போகிற போக்கில், "பெருசுங்களுக்கு மட்டும் இல்ல சேச்சி, திங்கட்கிழமை முதல் குட்டிங்களையும் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"திங்கட்கிழமை திருவோணம், லீவு" என்று கவுண்டரிலிருந்து பிஜி குரல் கொடுத்தாள்.

விஜயலக்ஷ்மி பஞ்சை வைத்து அமுக்கி, அந்தச் சின்ன மணிக்கட்டை வழக்கத்தைவிட வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் ரிப்போர்ட் எப்படி வருமோ. தன் எண் அடுத்த மாதம் எத்தனையோ. இந்த நடுவிரலாவது எத்தனை நாளைக்கோ. டாக்டர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை: அடக்கி வைக்கலாம், அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணிக்கு ஸ்ரீனிவாசன் வந்தான். ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, மறு கையில் அதே ஃப்ளாஸ்க். இப்போது அதில் வெறும் சீரக வெந்நீர். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினான், கர்ச்சீஃபைத் தேடினான், கிடைக்காமல் சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டான். பிறகு ஃப்ளாஸ்க்கின் மூடியைத் திருகித் திறந்தான்.

புளி போட்டும், சோடா உப்பு போட்டும், வெயிலில் காயவைத்தும் போகாத அந்தப் பழைய மணம் மெல்ல எழுந்தது. அவன் சங்கடத்தோடு மூடப்போனான்.

"கொஞ்சம் இருங்கோ" என்றாள். குனிந்து, ஃப்ளாஸ்க்கின் வாயருகே முகத்தை வைத்து, ஒரு மூச்சு இழுத்தாள். "சேரி. மூடிடுங்கோ. சாதத்தைப் போடுங்கோ, பசிக்கறது."